வெட்டுப்புள்ளி அப்பா

வெட்டுப்புள்ளி அப்பா என்பவர், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றி, மருத்துவ பீடத்துக்கு இடம் வருமோ வராதோ என்ற எல்லையில் நிற்கும் பிள்ளையின் தகப்பன். உயிரியல் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாரும் இந்த வகையில் அடங்கமாட்டார்கள். மாவட்டத்தில் முதல் பத்துக்குள் வந்த பிள்ளையின் தகப்பன் பத்திரிகைக்குப் படம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி எடுத்த பிள்ளையின் தகப்பன் அடுத்த நாளே கடவுச்சீட்டு அலுவலைத் தொடங்கிவிடுவார். இருவருக்கும் நிம்மதி உண்டு. நடுவில் அகப்பட்டவரே இங்கு விவரிக்கப்படுகிறார்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இவர் காணப்பட்டாலும், கிட்ட நின்று கவனிப்பதற்கு அச்சுவேலி வசதியானது. வலிகாமத்திலிருந்து வடமராட்சிக்குப் போகிறவர்கள் வல்லைவெளியின் காற்றுக்குள் இறங்குமுன் கடக்கும் ஊர் இது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிப் பெறுபேறு ஒரு பக்கத்தாலும் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெறுபேறு மறுபக்கத்தாலும் வந்து சந்தையடியில் சேர்ந்துவிடும். அச்சுவேலி மத்திய கல்லூரியும் புனித திரேசா மகளிர் கல்லூரியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. ஆகவே தகவலுக்குப் பஞ்சமில்லை. தொழிலால் இவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்கத்து மனேச்சராகவோ, பத்தமேனிப் பக்கம் வெங்காயமும் புகையிலையும் போடும் தோட்டக்காரராகவோ இருக்கலாம். அடையாளம் ஒன்றுதான். சட்டைப்பையில் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளின் பிரதி நாலாக மடிக்கப்பட்டு இருக்கும். யாரும் கேட்காமலே அது வெளியே வரும்.

இந்த வகையின் தோற்றத்துக்கு வரலாறு உண்டு. வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் நிலத்தில், தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபடும் காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடாது என்பதை யாழ்ப்பாணத்தார் வெள்ளைக்காரர் காலத்திலேயே கண்டுகொண்டார்கள். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 இல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பிற்பாடு பாடநூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி திறந்தது 1870 இல்தான். ஆகவே டொக்டர் ஆகும் ஆசை குடாநாட்டில் தலைநகரத்தை விடப் பழையது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, தமிழில் எழுதிய பிள்ளை கூடுதல் புள்ளி எடுத்தால்தான் இடம் என்றானது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்தக் காயத்தில் பிறந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பெடியன்தான் இன்றைய வெட்டுப்புள்ளி அப்பா. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது ஆசை குறையவில்லை; வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது.

இன்றைய முறைப்படி, அனுமதிக்கான இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 குடித்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கும், 5 கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. யாழ்ப்பாணம் அந்தப் பதினாறில் ஒன்று. போட்டியிடும் நாணயம் இசட் புள்ளி. பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருவது. 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கு தசமதானம் வரைக்கும் தருவார்கள். நான்காம் தசமதானம் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நிறுத்து விற்கும் எந்தத் தராசிலும் விழாத அளவு. அதில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை தொங்கும்.

இசட் புள்ளியைப் பற்றி வெட்டுப்புள்ளி அப்பா பெற்றிருக்கும் அறிவு வியப்புக்குரியது. சாதாரண தரத்தில் கணிதத்தை இரண்டாம் முறை எழுதிப் பாஸ் பண்ணியவர், இப்போது நியம விலகல் பௌதிகவியலில் கூடியதா இரசாயனவியலில் கூடியதா என்று தேத்தண்ணிக் கடையில் விளக்குவார். முந்திய ஐந்து வருட வெட்டுப்புள்ளிகள், அதாவது இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளிகள், பீடம் பீடமாக, மாவட்டம் மாவட்டமாக, அவருக்கு மனப்பாடம். பிள்ளைக்கு 1.8841 என்றும் போன வருடம் வெட்டு 1.8839 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள வெளியில் இவர் காலையில் எழும்புவார், குளிப்பார், சாப்பிடுவார்.

முறைமீது ஐயம் எழுப்புகிறவர்களுக்குச் சொல்ல இவரிடம் 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையின் கதை இருக்கிறது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாய்க் கூட்டி இசட் புள்ளி கணித்தார்கள். விடயம் வழக்காகி, 2012 இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து இரு தொகுதிக்கும் வேறு வேறாகக் கணிக்கச் சொன்னது. "நம்பர் எண்டாப்போலை சரியெண்டில்லை, தம்பி" என்பது இதிலிருந்து இவர் எடுத்த முடிவு. தன் பிள்ளையின் எண் வெட்டுக்கு மேலே இருக்கும்போது இந்தக் கதையை அவர் சொல்வதில்லை.

காத்திருப்பின் முதற்கட்டம் உளவுப் பணி. மாவட்ட நிலையில் பிள்ளைக்கு மேலே இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் தரம், கொழும்பை முதலில் போட்டார்களா யாழ்ப்பாணத்தை முதலில் போட்டார்களா என்ற விபரங்கள் சேகரிக்கப்படும். மேலே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் எதிர்காலத்திலும் இவருக்குத் திடீரென்று தகப்பனுக்குரிய அக்கறை பிறக்கும்.

"மாஸ்ரர், உங்கடை மகளுக்கு அவுஸ்ரேலியாவிலை ஸ்கொலர்ஷிப் சரிவந்ததாம் எண்டு கேள்விப்பட்டன்."

"சீ, அது இன்னும் ஒண்டும் முடிவில்லை, அண்ணை."

"விடாதேங்கோ. அனுப்புங்கோ. இஞ்சை என்ன கிடக்கு?"

இதே மனிதர், மாவட்ட ஒதுக்கீடு குடித்தொகையைப் பொறுத்தது என்ற விடயம் வரும்போது வேறு முகம் காட்டுவார். போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் யாழ்ப்பாணத்தின் சனத்தொகையைக் குறைத்துவிட்டன. அதனால் இடங்களும் குறைந்தன. எல்லாரும் வெளிக்கிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பார். இவருடைய மூன்று சகோதரங்கள் கனடாவில். போனது போனதுதான், கணக்கில் ஆட்களை வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது இவருடைய மனத்தாங்கல். சுருங்கச் சொன்னால், சனம் இருக்க வேண்டும், மேலே உள்ளவர்கள் மட்டும் போக வேண்டும். இரவில் நித்திரை வராவிட்டால், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கிளிநொச்சியில் சேர்த்திருந்தால் அங்கத்தைய வெட்டுக்கு இன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம் என்ற எண்ணமும் வரும். அப்படிச் செய்த ஒருவரை இவர் காலையில் கண்டால் கடுமையாகக் கண்டிப்பார்.

காத்திருப்புப் பருவத்தின் நீளம் வருடத்துக்கு வருடம் மாறும். முன்பெல்லாம் ஓகஸ்ட்டில் பரீட்சை, வருட முடிவில் பெறுபேறு. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்தன. 2021 ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022 ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி, பெறுபேறு செப்ரெம்பரில் வந்தது. 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சையை வெள்ளம் நிறுத்திப் பின்போட்டது. பெறுபேறு வந்த பிறகுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், இணைய விண்ணப்பம், விருப்பத்தெரிவு ஒழுங்கு, பிறகு மாதக்கணக்கான மௌனம். அந்த மௌனத்தில்தான் இவர் முழு வளர்ச்சி அடைகிறார்.

மௌனத்தை நிரப்புவது பெரும்பாலும் கோயில். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி கிட்ட இருப்பதால் வெள்ளிக்கிழமை தவறாது. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற முருகனிடம் அன்னதானத்துக்கே நேர்த்தி வைப்பார். எத்தனை பேருக்கு என்பது வெட்டுப்புள்ளி வரட்டும் என்று நிபந்தனையோடு விடப்பட்டிருக்கும். சாத்திரியார் வியாழமாற்றத்துக்குப் பிறகு நல்லது நடக்கும் என்பார். வியாழன் மாறும் திகதிக்கும் ஆணைக்குழு அறிவிக்கும் திகதிக்கும் தொடர்பு உண்டா என்று இவர் கேட்பார். சாத்திரியார் எல்லாவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பார். கனடாவிலிருந்து பெரியப்பா நடுச்சாமத்தில் வைபரில் எடுத்து, "இன்னும் வரேல்லையோ?" என்று கேட்பார். அவருடைய மகனும் ரொறன்ரோவில் மருத்துவத்துக்குப் போட்டுவிட்டு இருக்கிறான். அங்கே கட்டுரை எழுத வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும், ஏன் டொக்டராக விரும்புகிறாய் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் காத்திருப்போர் பட்டியலில் போடுவார்கள். தமிழ்நாட்டில் நீட் தரவரிசையும் சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வும். இலங்கையில் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எண் மட்டும் போதும். இது பெரிய வசதி. ஏன் டொக்டராக வேண்டும் என்ற கேள்விக்கான பதில் அப்பாவிடம்தான் இருக்கிறது, அவரை நேர்முகத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அம்மா வேறு வகை; அவர் கவலைப்படுவதில்லை, விரதம் பிடிக்கிறார்.

பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கிய நித்திரை இன்னும் தீரவில்லை. எழும்பும் நேரங்களில் ஆங்கில வகுப்பு, கொம்பியூட்டர் வகுப்பு, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவுக்கு உழைப்பதும் உண்டு. ஊரார் மட்டும் வெட்டுப்புள்ளிக்குக் காத்திராமல் பிள்ளையை நியமித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து, "சீனி கூடவோ, தம்பி?" என்று கேட்பா. தாளில் கூடுதல் என்று அச்சிட்டே இருக்கும். பிள்ளை அதை வாசித்துச் சொல்லும். ஆச்சி திருப்தியோடு போவா. கல்யாணத் தரகரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒண்டும் கதைக்கேலாது, வெட்டு வரட்டும்" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் மூன்று விதமான விளைவுகள் உண்டு. மேலே வந்தால், வெட்டுப்புள்ளி அப்பா அன்று பின்னேரமே டொக்டரின் அப்பா ஆகிறார். அதுவரை இலங்கைப் படத்தில் கொழும்பையும் கண்டியையும் மட்டும் அறிந்தவர், மருத்துவ பீடங்களின் உபயத்தால் ராகமை, சாலியபுர, குளியாப்பிட்டி, இரத்தினபுரி எல்லாவற்றுக்கும் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று அறிவார். "யாழ்ப்பாணம் கிடைக்கேல்லை, காலிதான் கிடைச்சது" என்று சலித்துக்கொள்ளும் குரலில் ஊர் முழுக்க இனிப்புக் கொடுப்பார்.

ஒரு தசமத்தால் கீழே நின்றால்தான் இவர் உச்சநிலையை அடைகிறார். தெரிவானவர்களில் பதிவு செய்யாதவர்களின் இடங்களை அடுத்த நிலையில் உள்ளவர்களைக் கொண்டு நிரப்புவது ஆணைக்குழுவின் வழக்கம். அந்த வெற்றிடப் பட்டியலுக்காக, முன்பு கைவிட்ட உளவுப் பணி மறுபடி தொடங்கும். யார் பதிவுக்குப் போகவில்லை? மாஸ்ரரின் மகளுக்கு விசா வந்ததா? இப்போது இவர் மாஸ்ரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. ஒரு பொதி நல்ல வெங்காயம் கொண்டுபோவார்.

மூன்றாவது, நன்றாய்க் கீழே நிற்பது. அப்போது பல் வைத்தியம், மிருக வைத்தியம், கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் என்று வழிகள் திறக்கும். போன கிழமை வரை இவற்றை வழிகளாகவே கருதாதவர், "மிருக வைத்தியரும் டொக்டர்தானே, பெயருக்கு முன்னாலை அதே டொக்டர்தான்" என்று தொடங்குவார். உண்மையில் அவை நல்ல படிப்புகள்; பிள்ளைக்கு அது முன்பே தெரியும். ஆனால் ஒரு பீடத்தில் பதிந்துவிட்டால் அடுத்த முறை வேறு பீடம் தேடும் வழி சுருங்கிவிடும் என்பதால், பதிவதா மறுபடி எழுதுவதா என்று ஒரு கிழமை வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கமாட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம்; ஒவ்வொரு தடவையும் ஒரு ஷை. இரண்டாம் ஷைக்காரரின் அப்பா பேச்சில் கூடியவர். மூன்றாம் ஷைக்காரரின் அப்பா சந்தைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொள்வார். பிள்ளைதான் அவரைத் தேற்றிக்கொண்டிருக்கும்.

இடம் கிடைத்தவருக்கும் காத்திருப்பு முடிந்துவிடுவதில்லை. பல்கலைக்கழகம் கூப்பிடும் வரைக்கும் மாதங்கள், படிப்பு ஐந்து ஆண்டு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அந்த நியமனத்துக்கு முன் இன்னொரு இடைவெளி, பிறகு எந்த மாவட்டத்தில் வேலை என்ற கேள்வி. டொக்டரின் அப்பா இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

அச்சுவேலிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளி வராத மாதங்களில் இவரைச் சந்தித்தால் பிள்ளையின் அலுவலைக் கேட்க வேண்டாம். வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். அதையும் அவர் தசமதானத்தில்தான் சொல்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.