பரிசுத்தத் தோட்டம்

செடி வளர்ப்போர் செடியைப் பற்றி மட்டுமே பேசவேண்டும் என்னும் உத்தமமான சித்தாந்தத்தின்மீது ஸ்தாபிக்கப்பட்ட எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில், 1024 பேர் என்னும் உச்சவரம்பை எட்டிய நாள் முதலாக, ரோஜாப்பூ பதித்த காலை வணக்கங்கள் தோட்டக்கலையில் அடங்குமா என்ற விசாரணை இரவு பகலாக நடைபெற்று, ரோஜா தொட்டியில் வளர்ந்ததாயின் ஆட்சேபமில்லை என்று தீர்ப்பாயிற்று. கறிவேப்பிலையைப் பற்றி எழுதலாம். தாளிதத்தில் விழுந்த கணமே அது சமையலாகிவிடுவதால் விலக்கு.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறதே என்று ஓர் அம்மாள் படத்தோடு முறையிட்டார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று பதில் எழுதிய அன்பர், சோப்பு தாவரமன்று என்ற நியாயமான காரணத்தால் சகல மரியாதையுடனும் நீக்கப்பட்டார். பூச்சி பிராணிவர்க்கமாதலால் அம்மாளுக்கும் எச்சரிக்கை.

நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்ற தற்போதைய ஏற்பாட்டில் குழு பரிசுத்தத்தின் சிகரத்தை அடைந்து, தினமும் காலை 6 மணிக்கு விதிகள் மட்டும் தவறாமல் பூக்கின்றன. அவற்றைத் திருத்தி எழுதவே நிர்வாகியாகிய எனக்குப் பொழுது சரியாக இருப்பதால், மாடியில் கவிழ்ந்து கிடக்கும் என் தொட்டிகளின்மேல் வீட்டார் வடகம் காயப்போடுகிறார்கள். வடகம் சமையலைச் சேர்ந்ததாதலின், அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு அதிகாரமில்லை.