ஏலியனேஷன் முதல் ஈகோ வரை

எண்பதுகளில் ஆங்கில இலக்கியத்தில் எழுதப்பட்ட எம்.ஃபில். ஆய்வேடு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரி விடாமல் படித்த ஒரே ஜீவன், அதைத் தட்டச்சு செய்தவர்தான். கைடு முதல் இயலைப் படிப்பார். மற்றவற்றைப் புரட்டி, இல்லாத இடத்தில் ஒரு 'தி' போடுவார்; இருக்கிற இடத்தில் ஒரு 'தி'யை அடிப்பார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்துவிட்டு, நூற்பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவார். எழுதியவனோ எழுதி முடித்த களைப்பில் அந்தப் பக்கமே திரும்பமாட்டான்.

எங்களுக்கு வாய்த்தவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த ஓர் அக்கா. காலையிலும் மாலையிலும் லோயர், ஹையர் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே 'ஏஎஸ்டிஎஃப்' அடித்துக்கொண்டிருப்பார்கள். நடுப்பகலில் இயந்திரங்கள் சும்மா இருக்கும்போது அக்கா எங்கள் ஆய்வேடுகளை எடுப்பார். பாண்ட் பேப்பர், டபுள் ஸ்பேஸ், பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், நடுவில் கார்பன்கள். அடியில் வரும் நகல் மாணவனுக்கு. அதில் எழுத்து இருப்பதாக நம்பவேண்டும்.

அக்கா பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் வருடக்கணக்கில் ஃபாக்னரையும் ஹெமிங்வேயையும் விரல்நுனி வழியாக வாங்கி வாங்கி அவருக்கு ஒரு விமர்சனப் பார்வை வந்திருந்தது. "தம்பி, ரெண்டாவது சாப்டர்ல சொன்னதையேதான் நாலாவதுலயும் சொல்றீங்க, அடிக்கட்டுமா வேணாமா?" என்பார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே அடிக்கச் சொன்னால் அவருக்கு லாபம். இருந்தும் கேட்பார். என் நண்பன் ஒருவனிடம் ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார்: "இந்தப் பத்தி போன வருஷம் ஒருத்தர் ஃபாக்னருக்கு எழுதினதுதானே? ஆள் பேரை மட்டும் மாத்திருக்கீங்க." நண்பன் வெளிறிப்போனான். அக்கா தொடர்ந்து அடித்தார். இன்று பல்கலைக்கழகங்கள் பெருந்தொகைக்கு வாங்கி வைத்திருக்கும் மென்பொருளின் வேலையை அவர் இலவசமாகவே செய்தார். அறிக்கை எதுவும் அனுப்பவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அக்காவின் பரம வைரி அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் எத்தனை வரி விடவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணவேண்டும். ஒரு வரி தவறினால் கார்பனோடு மொத்தப் பக்கமும் குப்பை. அமெரிக்காவின் மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் வெளியிடும் எம்.எல்.ஏ. கையேடு 1984இல் தன் இரண்டாம் பதிப்பிலேயே அடிக்குறிப்பைக் கைவிட்டு, அடைப்புக்குறிக்குள் பெயரும் பக்க எண்ணும் போதும் என்று சொல்லிவிட்டது. அந்த நற்செய்தி கடல் கடந்து எங்கள் துறைக்கு வந்து சேர்வதற்குள் அக்கா எவ்வளவோ காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டார். இன்று ஒன்பதாவது பதிப்பு நடக்கிறது. ட்வீட்டை எப்படி மேற்கோள் காட்டுவது என்றுகூட அதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லாருடைய தலைப்பிலும் 'ஏலியனேஷன்' இருந்தது. அது இல்லாதவர்கள் 'குவெஸ்ட் ஃபார் ஐடென்டிட்டி' வைத்துக்கொண்டார்கள். தலைப்பு எப்படித் தொடங்கினாலும் 'இன் தி செலக்ட் நாவல்ஸ் ஆஃப்' என்று ஓர் எழுத்தாளரில் போய் முடியவேண்டும். 'செலக்ட்' என்றால் நூலகத்தில் கிடைத்தவை. எனக்குக் கிடைத்தவர் நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல்; ஆகவே 'நாவல்ஸ்' மட்டும் 'ப்ளேஸ்' ஆனது. கண்மாய் வறண்ட ஊரிலிருந்து வந்த நான், 'தி ஹேரி ஏப்' நாடகத்தில் அட்லாண்டிக் கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிப் போடும் யாங்க் என்பவன் எவ்வளவு அந்நியப்பட்டிருந்தான் என்று ஆராய்ந்தேன். கடைசியில் அவன் கொரில்லாக் கூண்டுக்குள் போய்ச் சாகிறான். அவன் சாவுக்கு மார்க்ஸ் காரணமா ஃப்ராய்டு காரணமா என்று ஓர் இயல் முழுக்க விவாதித்திருந்தேன்.

ஏன் எல்லாரும் அமெரிக்கர்களையே பிடித்துக்கொண்டு தொங்கினோம் என்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. ஹைதராபாத்தில், உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில், 1964இல் தொடங்கிய அமெரிக்கன் ஸ்டடீஸ் ரிசர்ச் சென்டர் இருந்தது. அமெரிக்க நூல்களுக்கு அதுபோல ஒரு நூலகம் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. போய்த் தங்கிப் படிக்க விடுதி உண்டு. மனுப்போட்டால் உதவித்தொகையும் உண்டு. ஷேக்ஸ்பியரை ஆராய்ந்தால் யார் ரயில் சார்ஜ் கொடுப்பார்கள்? அந்த மையத்துக்கான பணமும் சுவாரசியமான வழியில் வந்தது. பி.எல்.480 திட்டத்தில் இறக்குமதியான அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயாகக் கொடுத்த தொகையில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வந்தது. கோதுமையை ரேஷன் கடையில் வாங்கித் தின்றோம். அதற்குக் கொடுத்த காசில் ஹெமிங்வேயை ஆராய்ந்தோம். அந்த ரூபாய் தீர்ந்த பிறகு மையம் தள்ளாடியது. அமெரிக்க இலக்கியத்தின் மேலிருந்த எங்கள் பற்றும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் குறைந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்.

அந்த மையத்தில் புத்தகத்திலிருந்து சின்ன அட்டைகளில் கையால் குறிப்பெடுப்போம். கையால் எழுதினால் மனதில் நிற்கும் என்று இப்போது சொல்கிறார்கள். எதுவும் நிற்கவில்லை. அட்டைகள் மட்டும் இன்னும் பரணில் இருக்கின்றன, ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொண்டு.

இப்போது நான் ஓய்வுபெற்றவன். ஆனாலும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் கூப்பிடுகிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும். நான் பட்டம் வாங்கிய எம்.ஃபில். இன்று கிடையாது. யு.ஜி.சி. 2022இல் அதை முடித்து வைத்துவிட்டது. இருப்பது பிஎச்.டி. மட்டும். தலைப்புகளில் ஏலியனேஷன் போய் ட்ராமா வந்திருக்கிறது. ஐடென்டிட்டி இருந்த இடத்தில் டயஸ்போரா. இயற்கை வர்ணனை எங்காவது தென்பட்டால் ஈகோகிரிட்டிசிசம், சுருக்கமாக ஈகோ. 'செலக்ட் நாவல்ஸ்' மட்டும் அசையவில்லை. இன்றைக்கு நூலகத்தில் கிடைக்காதது எதுவும் இல்லை, இருந்தும் செலக்ட்தான்.

அக்காவின் நாற்காலியில் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய ஆய்வேட்டை ஒரு வரி விடாமல் படிப்பது அது ஒன்றுதான். 2018இல் யு.ஜி.சி. வகுத்த விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம்வரை குற்றமில்லை. 10க்கு மேல் 40வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கவேண்டும். 40க்கு மேல் 60வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. பொதுவாக வழங்கும் சொற்கள் தொடர்ச்சியாக 14வரை ஒத்துப்போனால் மன்னிப்பு உண்டு. ஆகவே இன்றைய ஆய்வாளனுக்கு யாப்பிலக்கணம்போல ஓர் எண்ணிக்கை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதினைந்தாவது சொல்லை மாற்று, மேலே போ.

மாற்றுவதற்கும் கருவி உண்டு. பத்தியைப் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்து வீட்டுச் சொல்லைப் போட்டுக் கொடுத்துவிடும். ஒரு வைவாவில் என் கைக்கு வந்த ஆய்வேட்டில் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவல் மூன்றாம் இயலில் 'செரிஷ்ட்' ஆகியிருந்தது. ஆசிரியர் பெயர் தப்பியது எப்படி என்று தெரியவில்லை. "இது எந்த நாவல்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்தாள், கைடைப் பார்த்தாள். கைடு கூரையைப் பார்த்தார். ஒப்புமை 7 சதவீதம் என்ற சான்றிதழ் ஆய்வேட்டின் பின்னால் கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தது. குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவளுடைய வாக்கியங்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அந்த அளவில் அசல் ஆய்வுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கலையும் அழிந்துகொண்டிருக்கிறது. வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன, பிழை தேடிப் பிடிக்க ஒன்றுமில்லை, 'தி' எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. கைடுகளுக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் காலத்தில் ஆங்கிலத் துறைக்குள் தமிழ் எழுத்தாளர் பாமா வரமுடியாது. அவருடைய 'கருக்கு' தமிழில் வந்ததே 1992இல்தான். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. அதன் வழியாகத்தான் நம்மூர் ஆங்கிலத் துறைகளுக்கு அதில் வருகிற மாதிரி ஓர் ஊரும் ஒரு வாழ்க்கையும் இருப்பது தெரியவந்தது. பெருமாள்முருகனும் அதே வழியில்தான் வந்தார். நல்லதுதான், அட்லாண்டிக் கப்பலைவிட இது எவ்வளவோ பக்கம். ஆனால் தமிழ்வழியில் பள்ளி முடித்த பிள்ளை, தமிழ் நூலை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் வைவா சொல்கிறது. தமிழ் மூலத்தைப் படித்தாயா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல சார், பிரைமரி டெக்ஸ்ட் இங்கிலீஷ்தானே" என்றான் பையன். விதிப்படி அவன் சொன்னது சரி. கைடும் தலையாட்டினார்.

இன்னொரு வைவாவில் ஒரு பெண். தயாரித்து வந்ததைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கு எடுத்த புத்தகத்தில் வருகிற மாதிரி உங்கள் ஊரில் நடந்ததுண்டா என்று தமிழில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது, நடைமுறை கிடையாது. அவள் பவர்பாயிண்ட்டை விட்டுவிட்டுத் தன் பாட்டி தண்ணீர் எடுக்கப் போன இடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அதில் பாதிகூட ஆய்வேட்டில் இல்லை. ஏன் எழுதவில்லை என்றால், "அதுக்கு ரெஃபரன்ஸ் கிடையாதே சார்" என்றாள்.

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆய்வு தனிக் கதை. ஐம்பதுகளின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதுமுறையில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் அடுத்தவர்களுக்குச் சொல்லித்தர, அவர்கள் அதற்கடுத்தவர்களுக்குச் சொல்லித்தர, உருண்டு பெருகும் என்பது திட்டம். பனியே விழாத ஊரில் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பந்து கீழே வரவர என்ன ஆனது என்பதை என் தொடக்கப்பள்ளி ஆங்கிலமே சொல்லும். பிறகு பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிக்கூட வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, இந்த ரயிலைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று யோசிக்கவிடுவது. யோசிக்கும்போது மொழி தானாக வரும் என்பது அவர் வாதம். 1987இல் அது 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' என்று புத்தகமானது. உலகம் முழுவதும் பாடமாக வைத்தார்கள். நம் வகுப்பறையில் பிறந்தது, ஆக்ஸ்ஃபோர்டு அச்சில் நமக்குத் திரும்பி வந்தது. இன்றைய ஆய்வேடுகளில் அதை மேலைநாட்டு முறை என்ற தலைப்பின் கீழ் பார்க்கலாம்.

பிரபு ஐந்து வருடம் வகுப்பில் கிடந்தார். நம் ஆய்வாளர்களுக்கு ஆறு வாரம் போதும். முன்தேர்வு, ஆறு வாரப் பயிற்சி, பின்தேர்வு, ஒரு டி-டெஸ்ட். முடிவு எப்போதும் முன்னேற்றம்தான். முன்னேற்றம் இல்லை என்று முடிந்த ஆய்வை என் ஆசிரிய வாழ்வில் பார்த்ததே கிடையாது. அன்று டேப்ரெக்கார்டர் வைத்தால் பேச்சுத்திறன் வளர்ந்தது; பிறகு லாங்வேஜ் லேபில் வளர்ந்தது; இப்போது வாட்ஸ்ஆப்பில் வளர்கிறது. இத்தனை வளர்ந்தும் முதலாமாண்டு வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்லப் பிள்ளைகள் இன்னும் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

ஒரு சக ஆசிரியர் கிராமப்புற மாணவர்களின் ஆங்கிலச் சிக்கல்களை ஆராய்ந்தார். சிக்கல் என்ன என்று கேட்கும் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மரியாதையாக எழுந்து, "சார், எதுல டிக் போட்டா உங்களுக்கு நல்லது?" என்று கேட்டான். அந்த ஆய்வு முழுக்க உருப்படியான ஒரே தரவு அதுதான். அட்டவணையில் அதற்கு இடமில்லை. இப்போது கூகுள் ஃபார்ம். யாரும் எழுந்து நிற்கவேண்டியதில்லை.

போன மாதம் என் வாட்ஸ்ஆப்புக்கும் ஒரு செய்தி வந்தது. 'டியர் ஸ்காலர், டாபிக் செலக்ஷன் முதல் வைவா பி.பி.டி. வரை' என்று. எண்ணுக்குக் கூப்பிட்டேன். இளம் குரல்.

"சொல்லுங்க சார், எந்த டிபார்ட்மென்ட்?"

"இங்கிலீஷ்."

"டாபிக் இருக்கா, நாங்களே தரணுமா?"

"இருக்கு. யூஜின் ஓ'நீல். ஏலியனேஷன்."

"ஏலியனேஷன் இப்ப ஓடாது சார். 'தி ஹேரி ஏப்' எடுத்திருப்பீங்களே? அதுல நிலக்கரி இருக்கு, புகை இருக்கு, கடைசியில கூண்டுக்குள்ள ஒரு மிருகம் இருக்கு. அப்படியே ஈகோகிரிட்டிசிசம் ஆக்கிடலாம். யாங்க் அந்த கொரில்லாகிட்ட மட்டும்தானே மனசுவிட்டுப் பேசறான்? அதை வெச்சே ஒரு சாப்டர் வரும்."

எனக்கு வைவா நடத்தியவர்கள் யாரும் அந்தக் கடைசிக் காட்சிவரை வந்ததில்லை.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.ஏ., எம்.ஃபில். இங்கிலீஷ் சார். பிஎச்.டி. பாதியில நின்னுடுச்சு. கெஸ்ட் லெக்சரர் சம்பளத்துல ஓட்ட முடியல." சின்ன இடைவெளி. "சாப்டர் சாப்டரா பணம் கட்டலாம் சார். ஜி.எஸ்.டி. தனி."