சூப் குடிக்காதவன் கதி

1844 கிறிஸ்துமஸுக்கு மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் வாங்கக் கிளம்பினார், பிராங்க்பர்ட் டாக்டர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன். கடையில் இருந்ததெல்லாம் ஒரே உபதேசம். வெறுத்துப்போய் வெற்று நோட்டு ஒன்றை வாங்கிவந்து, தானே பாட்டெழுதிப் படமும் போட்டார். அதில் பிற்பாடு சேர்ந்த ஒரு கதையில், தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். மிச்சம் இரண்டு ஷூ. சூப் வேண்டாமென்ற காஸ்பர் ஐந்தாம் நாள் காலி. கட்டைவிரல் சூப்பும் பையனைத் தேடித் தையற்காரர் கத்தரிக்கோலோடு பாய்ந்து வருகிறார். பண்டிகைப் பரிசு! மறு வருஷமே அச்சேறி, 'ஸ்ட்ரூவெல்பீட்டர்' என்று உலகமெல்லாம் சுற்றியது.

எங்கள் வீட்டில் ரசம் செலவாகாத பிரச்சினை உண்டு. காஸ்பர் கதையை என் மகளுக்குக் கனத்த குரலில் சொன்னேன்.

"அஞ்சு நாளா? நடுவுல ஒரு பிஸ்கட்கூடவா குடுக்கலை அவங்கம்மா?"

அவன் கல்லறைமேல் சூப் பாத்திரம் இருக்கும் படத்தைக் காட்டினேன். "செத்தும் விடலையா!" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். தையற்காரரைக் களமிறக்கினேன். அதற்கு என் மனைவி, "நம்ம தெரு டெய்லர்னா வெட்ட வர்றதுக்குள்ள தீபாவளி போயிடும்" என்றாள். பேப்பர் படித்தபடி நகம் கடிக்கும் நான்தான் விரலை மடக்கிக்கொண்டேன்.

ஐந்து பிள்ளை பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் இன்னும் விவரமானவர். அவருடைய 1907 புத்தகத்தில், ஆயாவின் கையை விட்டு ஓடிய ஜிம்மைச் சிங்கம் கால்விரலிலிருந்து நிதானமாகத் தின்கிறது. அப்பா என்ன செய்கிறார்? மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'பார்த்தீர்களா, கையை விடக் கூடாது' என்கிறார். சிங்கத்துக்குச் சிரிக்காத என் மகள் இந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நியாயம்தான். போன வாரம் அவள் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, தூக்கிவிடுவதற்கு முன் பிரேக்கின் அவசியம் பற்றி நான் சற்று விரிவாகப் பேசியிருந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்டு கோரி 1963-ல் ஒரு புத்தகத்தில் ஆங்கில அகரவரிசைக்கே 26 குழந்தைகளைக் காவு கொடுத்தார். முதல் குழந்தை மாடிப்படியில் விழுந்து சாகும். "தமிழ்ல செஞ்சா 247 பேர் வேணும், பேருக்கு எங்கே போறது?" என்று பேச்சை முடிக்கப் பார்த்தேன்.

"'அ' கிடைச்சாச்சு" என்றாள் மகள். "அப்பா. அட்வைஸ் பண்ணிக்கிட்டே நடந்தார். படி இருந்ததைப் பார்க்கலை."

'ஆ'வுக்கு யாரைப் போடலாம் என்று அம்மாவும் பெண்ணும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.