இரண்டு கிராம் தங்கம் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கடைவாய்ப் பல் கெட்ட குடிமகன்,
சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மத்திய சுரங்கத் துறை அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: பல்லுக்குக் கேப் போட 2 கிராம் தங்கம் கோருதல் தொடர்பாக.
பார்வை: கீழ்த்தாடை, இடப்புறம், கடைசிக்கு முந்திய பல்லின் எக்ஸ்ரே.

ஐயா,

என் பல் கெட்டதற்குத் தங்கள் அமைச்சகம் எந்த வகையிலும் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். அது கமர்கட்டும் நானும் சேர்ந்து செய்த காரியம். ரூட் கேனல் முடிந்துவிட்டது. நரம்பெடுத்த பல்லை அப்படியே விட்டால் என்றைக்காவது முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும், கேப் போட்டே ஆக வேண்டும் என்கிறார் ராபர்ட்சன்பேட்டை டாக்டர்.

ஜிர்கோனியா என்று ஒரு கேப் இருக்கிறது. அது என் பல்லுக்குப் பொருந்தும், பென்ஷனுக்குப் பொருந்தாது. எனவே மெட்டல் செராமிக். உள்ளே உலோகம், மேலே பீங்கான். அளவு தவறி லேபுக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்த ஒன்றை டாக்டர் என் உள்ளங்கையில் வைத்தார். மேலே மேடு, பள்ளம், பள்ளத்தில் நிஜப் பல்லைப் போலவே லேசான பழுப்பு என்று எல்லாம் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறம் போலச் சாம்பல் நிறம். அந்த உலோகக் கூடு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. உலோகத்தின் நிறம் வெளியே தெரியாமலிருக்க முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு. அதன் மேல் பீங்கான் பொடியைக் குழைத்து அப்பி, 900 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கிறார்கள். ஆறும்போது உலோகமும் பீங்கானும் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

இந்த வகை கேப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடைவாயில் விழுகிற பாரத்தை இது தாங்கும். நடுவில் பல் போன இடத்தில் இரண்டு பக்கத்துப் பல்லையும் பிடித்துப் பாலம் கட்டலாம். போட்ட கேப்புகளில் நூற்றுக்கு 95 அளவில் ஐந்தாண்டு கழித்தும் வாயில் இருக்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தாண்டு முழுக்க ஓடுகிற அரசாங்கமே நம் நாட்டில் பாராட்டுக்குரியது.

சங்கடங்களும் உண்டு. இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டுமென்பதால் நல்ல பல்லையே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இழைத்துத் தள்ளுகிறார்கள். எலும்பைக் கடித்தால் பீங்கான் சில்லு பெயர்ந்து உள்ளே இருக்கும் உலோகம் பல்லிளிக்கும். எதிரே உள்ள பல் மெல்ல மெல்லத் தேயும். வயதாகி ஈறு இறங்கினால் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். முன்பல்லில் கேப் போட்டவர்கள் கல்யாண வீட்டு போட்டோவில் வாயை மூடிச் சிரிப்பது அதனால்தான். நிறம் பொருத்துவது இன்னொரு கூத்து. டாக்டரின் நிற அட்டையில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள். கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பல்லின் காவி நிறம் மட்டும் அந்தப் பதினாறில் இல்லை.

ஆனால் உள்ளே இருப்பது என்ன உலோகம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதில்தான் தாங்கள் வருகிறீர்கள். என் கேப்பில் நிக்கல்-குரோமியம் வைப்பார்களாம். விலை குறைவு, வலுவிலும் குறைவில்லை. ஆனால் நிக்கல் சிலருக்கு ஒவ்வாது. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறவர்கள் இந்த கேப் போடுமுன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தங்கக் கலவையில் அந்தத் தொல்லை இல்லை. ஓரம் பல்லோடு நன்றாகப் படியும், ஈறோரத்தில் அவ்வளவாகக் கறுப்பு தட்டாது, பீங்கானுக்கு ஒரு இளமஞ்சள் உயிரும் வரும்.

இந்த முறையே தங்கத்துக்காகப் பிறந்ததுதான். தங்கக் கலவையின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் வித்தைக்கு அமெரிக்காவில் வெயின்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1962-ல் காப்புரிமை பெற்றார்கள். மைசூர் மாநில அரசின் கையிலிருந்த எங்கள் மைன்ஸ் மத்திய அரசின் கைக்குப் போனதும் அதே 1962-ல். அவர்களிடம் வித்தை, உங்களிடம் தங்கம். சந்தித்துக்கொள்ள வாய்க்கவில்லை. 1971-ல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. விலை எகிறியதும் லேப்காரர்கள் நிக்கலுக்குத் தாவினார்கள். 1972-ல் நீங்கள் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கம்பெனி தொடங்கினீர்கள். கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28-ல் மூடினீர்கள். அதற்குப் பிறகு தங்கம் என்ன விலைக்குப் போனது என்பதை ராபர்ட்சன்பேட்டை நகைக்கடை போர்டில் நாங்கள் தினமும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்குக்கு வருகிறேன். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இறங்கியது முதல் மூடும் வரை இந்த மண்ணிலிருந்து போன தங்கம் சுமார் 800 டன். கேப்புக்கு 2 கிராம் வீதம் 40 கோடி கடைவாய்ப் பற்களுக்குப் போட்டிருக்கலாம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு கேஜில் இறங்கியவர்கள் நுரையீரலில் கல்தூசியோடுதான் மேலே வந்தார்கள். வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் விட்டார்கள். அந்தச் சோதனையில் தப்பி எங்கள் வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை என்பதற்கு என் நிக்கல் கேப்பே சாட்சி.

பேரத்துக்கும் தயார். 2 கிராமும் தங்கமாக இருக்க வேண்டியதில்லை. சுத்தத் தங்கத்தில் பீங்கான் ஒட்டவும் ஒட்டாது. துளி வெள்ளீயம், இண்டியம், இரும்பு என்று துருவேறத் தெரிந்த சரக்கு கலந்தால்தான் பிடிக்கும். (இதன் நிர்வாகத் தத்துவத்தைத் தங்கள் பரிசீலனைக்கு விடுகிறேன்.) 40 சதவீதம் தங்கமும், பல்லேடியம், பிளாட்டினம் சேர்த்து மொத்தம் 60 சதவீதமும் இருந்தாலே உயர்தரக் கலவை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஒப்புக்கொள்கிறது. 1963-ல் மொரார்ஜி தேசாய் நகைக்கு விதித்த 14 காரட் உச்சவரம்பே 58 சதவீதம்தான். எனக்கு 0.8 கிராம் போதும்.

எங்கிருந்து தருவது என்று கேட்பீர்கள். டம்ப் இருக்கிறதே! அரைத்துச் சலித்து, சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்த பின் கொட்டிய மண், 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். அதில் இன்னும் தங்கம் இருக்கிறது. திரும்ப எடுக்கும் உங்கள் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவையும் தலையசைத்துவிட்டது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது என்றாலும் என் பங்குக்கு ஒரு டிராக்டர் மண் போதும். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. காற்று காலத்தில் அந்த மண் தானாகவே கிளம்பி எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றுத் தட்டில் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, மத்திய அரசின் சொத்தை நான் அனுமதியில்லாமல் பல வருடமாகத் தின்று வருகிறேன். என் பல் தேய்ந்ததில் அதற்கும் பங்கு உண்டா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. பெருக்கிச் சேர்த்த ஒரு பொட்டலத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கம் இருந்தால் எடுத்துக்கொண்டு மீதியை வைத்துக்கொள்ளவும்.

மாநில அரசின் தந்தபாக்கியத்துக்குப் போகச் சொல்லாதீர்கள். பல்லெல்லாம் போன ஏழை முதியவர்களுக்கு இலவசப் பல்செட் கொடுக்க 2014-ல் தொடங்கிய நல்ல திட்டம் அது. தகுதி பெற நான் மீதிப் பற்களையும் பிடுங்க வேண்டும்.

தங்கம் தர விதியில் இடமில்லை என்றால் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள், வருத்தமில்லை. ஆனால் டம்ப்பைக் கிளறத் தொடங்கும்போது தூசி லைனுக்குள் வராமல் தண்ணீர் தெளியுங்கள். ஆள் எடுக்கும்போது, விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற எங்கள் பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள். இது விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

தங்கள் பதில் வரும்வரை பல் காத்திருக்காது. நிக்கல்-குரோமியம் கேப்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.