இணைக்கப்பட்டது, ஆனால் இணையம் இல்லை

அப்டேட் முடிந்ததும் என் லேப்டாப் காட்டும் பணிவு இருக்கிறதே, அப்படி ஒரு பணிவு! உங்கள் கணினியின் பாதுகாப்பும் வேகமும் மேம்படுத்தப்பட்டுள்ளன என்று சொல்லும். எந்த இடத்தில், எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாது. கடைசியாக நடந்த அப்டேட்டில் பாதுகாப்பு மேம்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வைஃபை போய்விட்டதால் இனி எந்தத் திருடனும் என் லேப்டாப்புக்குள் நுழைய முடியாது. நான்தான் வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

போய்விட்டது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முழுசாகப் போயிருந்தால் தலைமுழுகிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இது வரும், போகும். காலையில் சும்மா செய்தி மேயும்போது சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து கம்பீரமாக நிற்கும். அலுவலக மீட்டிங்கில் மேலதிகாரி, "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கிற அந்த நொடியில் பொசுக்கென்று படுத்துவிடும். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு, பாதி திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக நான் உறைந்து போய்த் தெரிவேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தபின் யாரும் என்னிடம் அவ்வளவாகக் கருத்துக் கேட்பதில்லை. இந்த அப்டேட்டால் விளைந்த ஒரே மேம்பாடு அதுதான்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மகள் தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரீஸ்டார்ட் பண்ணீங்களாப்பா?" என்றாள். மனைவி இன்னும் கொடூரமாக, "எனக்கு வருதே!" என்றாள். வைஃபை வராத மனிதனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மாமியார் மட்டும், "நான் மைக்ரோவேவ்ல பால் சுட வைக்கும்போதெல்லாம் உங்க மீட்டிங் நின்னுடுது மாப்ளே, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். நான் மரியாதைக்காகச் சிரித்துவைத்தேன். ஆனால் அறிவியல் அவர் பக்கம் நிற்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். பழைய வைஃபை அலைவரிசையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரம்தான். அடுப்பிலிருந்து கசியும் துளி அலைகூட அருகில் இருக்கும் லேப்டாப்பின் காதை அடைத்துவிடும்.

அந்த வட்டாரத்தில் கூட்டமும் அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005ல் விதியே வெளியிட்டது. அதன் பலனை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நன்றாகப் பார்க்கலாம். வைஃபை பட்டியலைத் திறந்தால் 'கேட்டாலும் தரமாட்டேன்', 'தொட்டால் ஷாக்', 'சொந்தக் காசில் வாங்கவும்' என்று அக்கம்பக்கத்தாரின் உள்மனம் வரிசையாகத் தெரியும். சானல் எண்கள் என்னவோ 1 முதல் 13 வரை இருக்கின்றன. ஒன்றோடொன்று உரசாமல் சேர்ந்து ஓடுவதற்கு 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன.

ஆனால் இந்தக் கூட்டமும், மாமியாரின் பாலும் அப்டேட்டுக்கு முன்பும் இருந்தவைதானே? அப்போது ஓடிய வைஃபை இப்போது ஏன் ஓடவில்லை? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்காத படியில்லை.

இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் ரவுட்டரை அணைத்து முப்பது செகண்ட் கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். "எங்க சைடுல சிக்னல் பக்காவா இருக்கு சார்" என்றார்கள். லேப்டாப் கம்பெனி, "சிஸ்டம் சாஃப்ட்வேர்காரர்களிடம் கேளுங்கள்" என்றது. அவர்கள் வைஃபை சிப் செய்தவரின் டிரைவரைச் சொன்னார்கள். சிப் கம்பெனியோ, உங்கள் லேப்டாப்புக்கு ஏற்ற டிரைவரை லேப்டாப் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். சுற்றிவந்த பாதையில் ஒருவர்கூட என்னிடம் கோபப்படவில்லை. எல்லோருமே நன்றி சொல்லி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுத்தான் அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். சிப் ஒருவர் செய்தது, லேப்டாப் இன்னொருவர் கோத்தது, சிஸ்டம் சாஃப்ட்வேர் மூன்றாமவர் எழுதியது. இவர்களுக்கு நடுவே ஓடியாடுவது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். அப்டேட் வந்து உள் ஏற்பாடுகளை மாற்றும்போது, பல சமயம் டிரைவருக்குச் செய்தி போவதில்லை. கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டை இடம் மாற்றிவிட்டுப் பரிமாறுகிறவரிடம் சொல்லாமல் விட்ட கதைதான். அவர் காலி வாளியோடு பழைய வாசலில் நிற்க, பந்தியில் இலை காய்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வகை அப்டேட், இருக்கிற நல்ல டிரைவரை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை அமர்த்திவிடும். அதோடு நாம் பார்த்துப் பார்த்து மாற்றிவைத்த அமைப்புகளையும் பழையபடி ஆக்கிவிடும். என் விஷயத்தில் மின்சிக்கனம் என்கிற அமைப்புதான் முதல் குற்றவாளி. ரவுட்டர் சும்மா இருப்பதில்லை. நொடிக்குப் பத்து முறை "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று அறிவித்தபடி இருக்கிறது. லேப்டாப்பின் வைஃபை சிப் ஒவ்வொரு அறிவிப்புக்கும் இடையில் குட்டித் தூக்கம் போட்டு, அறிவிப்பு வரும்போது விழித்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடும். பேட்டரியை மிச்சப்படுத்த இந்த ஏற்பாடு. அப்டேட்டுக்குப் பின் அந்தக் குட்டித் தூக்கம் கும்பகர்ணத் தூக்கமாகிவிட்டது. என் லேப்டாப்பின் பேட்டரி செத்து நாளாயிற்று. சுவர் பிளக்கைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அப்புறம் இது யாருக்காக மின்சாரம் சேர்த்துவைக்கிறது?

தூக்கத்திலிருந்து எழுந்தபின் நடப்பது அதைவிட வேடிக்கை. ரவுட்டரிடம் தனக்கொரு முகவரி கேட்கும். பதில் வராவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும். அந்த முகவரியை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கும் போக முடியாது. ஆனாலும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'இணைக்கப்பட்டது, ஆனால் இணையம் இல்லை' என்று அறிவிக்கும். பிரச்சினையைக் கண்டறியவா என்று வேறு கேட்கும். சரி என்றால் பச்சைக்கோடு ஒன்று இடமும் வலமும் உலாத்திவிட்டு, தீர்வு காண இணையத்தில் இணையுங்கள் என்று ஆலோசனை சொல்லும்.

கம்பெனி அனுப்பிய ஃபைபர் தம்பி பைக்கில் வந்தார். தன் போனில் வேகம் சோதித்து, "நூறு எம்பி போகுது பாருங்கண்ணே" என்று காட்டினார். பிறகு என் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார். ஐசியூ வாசலில் நின்று உறவினர்கள் பார்க்கும் பார்வை அது. "லேப்டாப்லதாண்ணே கம்ப்ளைண்ட். போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கங்க" என்றார். வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டி இழுத்த ஃபைபர் தலைக்கு மேலே போக, நான் போன் டேட்டாவில் அலுவலகம் நடத்தினேன்.

கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் மின்சாரத்தால் இயங்கும் எதற்கும் அந்தத் தெருவில் ஒரு வைத்தியர் இருக்கிறார். கடைக்காரர் நான் பையின் ஜிப்பைத் திறக்கும் முன்னே, "அப்டேட் பண்ணீங்களா சார்?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த வாரம் வர்றவங்க எல்லாரும் அதைப் பண்ணிட்டுத்தான் சார் வர்றாங்க." டீ ஆறும் நேரத்துக்குள் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பி, சிப்பைத் தூங்கவிடும் டிக்கை எடுத்துவிட்டு, பீஸ் வாங்கிக்கொண்டார். வைஃபை ஓடியது. அடுத்த அப்டேட் வந்து, பழைய டிரைவரைக் கண்டு முகம் சுளித்து, மறுபடி புதியதைப் போடும்வரை ஓடியது.

"அப்படின்னா அப்டேட்டையே நிறுத்திடுங்களேன்" என்றாள் மனைவி. அது முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்கிற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. ஆக, அப்டேட் போட்டால் வைஃபை போகும், போடாவிட்டால் ஃபைலே போகும்.

இப்போது என் வீட்டில் ரவுட்டரிலிருந்து மேஜைவரை லேன் வயர் ஓடுகிறது. 1973ல் ராபர்ட் மெட்காஃப் யோசித்த ஈதர்நெட், அரை நூற்றாண்டு கழிந்தும் 100 மீட்டர்வரை அலுக்காமல் டேட்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறது. மைக்ரோவேவ் ஓடினாலும் அசையாது, குட்டித் தூக்கம் போடாது, பக்கத்து வீட்டு 'தொட்டால் ஷாக்'கைக் கண்டுகொள்ளாது. லேப்டாப்பை மெல்லிசாகச் செய்கிறேன் என்று கம்பெனி லேன் துளையை வெட்டி எறிந்துவிட்டதால் ஒரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. மாமியார் அந்த வயரில் கைக்குட்டை காயப்போடுகிறார் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

ஆகவே வாசகர்களே, அப்டேட்டைத் தவறாமல் போடுங்கள். ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கை வைத்துக்கொண்டு ஞாயிறு இரவில் போடாதீர்கள். வெள்ளி இரவில் போட்டால் அழுவதற்கு இரண்டு நாள் கிடைக்கும். ஓடுகிற டிரைவரின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வையுங்கள். அடாப்டரோடு ஒரு லேன் வயரும் வாங்கிவைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் டேட்டாவுக்கு அழுவதைவிட அது மலிவு.