எல்லாம் சேத்துத்தான் வாடகைலே!

ஏலே பேராண்டி, வேளச்சேரியில வீடு பிடிச்சிட்டியாமே! கரண்டு, தண்ணி, குப்பை, மெயின்டனன்ஸ் எல்லாம் வாடகைக்குள்ளேயே வந்துருமாம், ஒண்ணாந்தேதி ஒரே தொகையைப் போன்ல தட்டிவிட்டாப் போதுமாம். கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுரு. வாசிச்சுப் பாக்காத. வாசிச்சா சந்தேகம் வரும், சந்தேகம் கேட்டா வீட்டுக்காரர் மனசு நோகும். படிச்ச பிள்ளை அடுத்தவன் மனசை நோகடிக்கலாமா?

எனக்கு என்னலே தெரியும், கமலை இறைச்ச பய. பாளையங்கோட்டையில ஒரு கிளப்புக்கடையில 'அளவில்லாச் சாப்பாடு'ன்னு போர்டு போட்டிருந்தான். முதல் சோறு சிரிச்ச முகத்தோட வரும். ரெண்டாஞ் சோத்துக்குக் கையைக் காட்டுனா பரிமாறுத ஆளையே காணாது. உனக்கும் முதல் மாசம் அப்படித்தான் சிரிப்பாணியா இருக்கும்.

நீ காலையில போனா ராத்திரி பத்துக்குத்தான் வாரே. உனக்கு ஒரு ஃபேனு, ஒரு லைட்டு, போனுக்கு உயிர் ஏத்த ஒரு பிளக்கு. எதுத்த போர்ஷன்ல குடும்பம். கிரைண்டரு, வாஷிங் மெஷினு, விடிய விடிய ஏசி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொகைன்னா அவிய ஏசிக்கு நீயும் துட்டு குடுக்கே. குடு, குடு. புண்ணியம்தானே.

மீட்டரைப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே, படி ஏறும்போதும் போனைத்தான் பாப்பே. 2016ல ஜெயலலிதா அம்மா பதவியேத்த அன்னைக்கே ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கையெழுத்துப் போட்டாவ. அந்தச் சலுகை ஒரு இணைப்புக்கு ஒண்ணு. மூணு குடித்தனத்தை ஒரே மீட்டர்ல கட்டிப்போட்டா மூணு பேருக்கும் சேத்து ஒரே பங்குதான். மூணு பேரு யூனிட்டும் ஒண்ணாக் கூடுறதால 500ஐ சட்டுனு தாண்டிரும். தாண்டுனா மேல உள்ளதுக்கு மட்டுமில்ல, கீழ் யூனிட்டுக்கும் ரேட்டு ஏறும். வாடகையைச் சொல்லும்போது வீட்டுக்காரர் இதையெல்லாம் கூட்டித்தான் சொல்லியிருப்பாரு. கழிக்கத் தெரியாதவன் மாடி கட்டுவானா?

சரி, சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குதாருன்னு வையி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உன் போர்ஷன்ல அத்தனை சுவிட்சையும் அணைச்சிட்டு, ஃபிரிட்ஜு பிளக்கையும் பிடுங்கிட்டு, மாடிப்படிக்குக் கீழ போய் நில்லு. மீட்டர் முகத்துல சிவப்பா ஒரு பொட்டு விட்டு விட்டு மின்னும் பாரு. உன் வீட்டுல ஒண்ணுமே ஓடாதப்ப அது மின்னுனா, மொட்டைமாடிக்குத் தண்ணி ஏத்துத மோட்டாரு யார் கணக்குல ஓடுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட பவ்யமா விசாரி. 'சும்மா கேட்டேன் சார்'னு ஒரு இளிப்பும் இளிச்சுரு. இளிக்காமக் கேட்டா அடுத்த மாசமே வேற வீடு தேடணும்.

தண்ணியும் வாடகைக்குள்ளதானே? எந்தத் தண்ணின்னு கேட்டியா, போர் தண்ணியா, லாரித் தண்ணியா? 2019 கோடையில செம்பரம்பாக்கம், புழல் ஏரி எல்லாம் வறண்டு போய், ஜூலையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்த ஊருலே அது. அப்படி ஒரு வருசம் வந்தா லாரிக்காரன் நீட்டுத பில்லு யார் தலையிலன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கா? இல்லேன்னா உன் தலை இருக்கே, நல்லா அகலமா.

இதுக்கெல்லாம் நான் கவலைப்படல. துட்டு போனா சம்பாதிச்சுக்கிடலாம். ஆனா கரண்டு பில்லு வீட்டுக்காரர் பேருக்கு வருதுல்லா, அதனால உன் சுவிட்சுக்கும் அவருதான் சொந்தக்காரரு. பதினோரு மணிக்கு லைட்டு எரிஞ்சா, 'தம்பி, இன்னும் தூங்கலையா'ன்னு அவரு ஆத்தா வாஞ்சையா விசாரிப்பா. இஸ்திரி போட்டா, 'கடையில குடுத்தா மொறுமொறுன்னு வரும்லா'ம்பா. உன் சிநேகிதன் ரெண்டு நாள் தங்குனா டேங்குல தண்ணி இறங்கினது அவளுக்குத்தான் முதல்ல தெரியும். உன்னைப் பெத்தவகூட இவ்வளவு அக்கறையா உன்னைப் பாத்துக்கிட்டதில்ல.

கோவம் வந்து மெயினைப் பிடுங்கிட்டாருன்னா மட்டும் பயப்படாத. டீக்கடைப் பேப்பர்ல வாசிச்சேன்: 2017ல போட்டு 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் ஒண்ணு இருக்கு. தகராறே இருந்தாலும் கரண்டையோ தண்ணியையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது, நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம்ங்குது. அதுக்கு எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதிஞ்சு வச்சிருக்கணும். நீதான் வாசிக்காமப் போடப்போற கையெழுத்தாச்சே, எத்தனை யூனிட்டு வரைக்கும், ஏசி உண்டா கிடையாதா, மோட்டாரு யாருதுன்னு நாலு வரி கூட எழுதச் சொன்னா மை என்ன காசா வாங்கப்போகுது?

வார மாசம் ஆச்சிக்குக் கண்ணு பாக்கணும், மெட்ராசுக்குத்தான் வாரோம், உன் வீட்டுலதான் தங்கல். எனக்கு ரெண்டு வேளையும் குளிக்கணும், வேளைக்கு ஆறு வாளி. ஆச்சிக்கு வெந்நீர். ராத்திரி ஃபேன் நிக்கப்பிடாது. வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிரு. இதுவும் வாடகைக்குள்ள வருமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எனக்குப் போனைப் போடுலே.