கிண்ண வைத்தியம்

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டை நாட்டுக்குச் செய்துவந்த தொண்டு சத்தமில்லாதது: இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, பொம்மை. இனி சத்தத்திலும் இறங்கலாம். வெறும் கிண்ணம் என்றால் பேரம் பேசுகிறவர்கள், தட்டினால் எழும் ஒலி நோயைப் போக்கும் என்று சொல்லி ‘நாத சிகிச்சைக் கிண்ணம்’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். கண்ணை மூடுவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டும் ஜலதரங்கம் நம்மிடம் எப்போதிருந்தோ உண்டு. தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்கும். ஆனையம்பட்டி கணேசன் அதில் கச்சேரியே செய்திருக்கிறார். பாவம், ராகம் மட்டும்தான்; முழங்கால் வலிக்குத் தனி டிக்கெட் கிடையாது.

கிண்ண ஒலியை வைத்தியமாக்குவதில் வெள்ளைக்காரன் முந்திக்கொண்டான். 1761இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே தண்டில் கோத்துச் சுழலவிட்டு, ஈர விரலால் தொட்டு வாசிக்கும் ஆர்மோனிகாவைச் செய்தார். மெஸ்மர் என்ற டாக்டர் அதையே வாசித்து நோயாளிகளுக்குக் காந்த சிகிச்சை நடத்தினார். கூட்டம் அம்மியது. 1784இல் பிரெஞ்சு மன்னர் விசாரணைக் குழு போட்டார். காந்தமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, எல்லாம் கற்பனை என்று அது சொல்லிவிட்டது. குழுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், அதே ஃபிராங்க்ளின்.